ஊரெல்லாம் ஒருசந்தி



திருச்சிலுவையின் மகிமைத் திருநாளுக்குப் பின் வருகிற வெள்ளிக்கிழமையன்று நம் பங்கு முழுவதும், கிளைக் கிராமங்கள் உட்பட, திருச்சபை புதுப்பிக்கப்படும்படியாக ஒருசந்தியும் செபமுமாய் இருக்கப் போகிறோம் என்று சென்ற ஞாயிறு பூசையில் அறிவித்தேன். பூசை முடிந்து உடுப்பைக் களைந்துகொண்டிருக்கையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "சாமி, திருச்சபையைச் சீர்ப்படுத்த வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். தப்பு நடந்ததும் மேலேதான் என்று பேப்பரில் போடுகிறான். நாங்கள் வயிற்றைக் காயப்போட்டால் அங்கே எப்படிச் சரியாகும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக் கூடியதும் அல்ல. "மடலில் எழுதுகிறேன் ஐயா, வீட்டில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்று அனுப்பிவைத்தேன். அவருக்குக் கொடுத்த வாக்குதான் இந்த வாரத்துப் பாடம்.

ஒருசந்தி என்பது

முதலில் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வோம். சந்தி என்றால் பொழுது. நாளில் ஒரு பொழுது மட்டும் வயிறார உண்டு, மற்றப் பொழுதுகளில் வயிற்றை ஒறுத்திருப்பது ஒருசந்தி. மாமிசத்தை விலக்குவது சுத்தபோசனம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, வெள்ளிக்கிழமையன்று கோழிக் குழம்புக்குப் பதிலாக வஞ்சிர மீனை வறுத்து மூன்று வேளையும் உண்டுவிட்டு, ஒருசந்தி காத்தோம் என்று சொல்லுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் காத்தது சுத்தபோசனம். மீன்காரருக்கு அன்று நல்ல வியாபாரம் என்பதற்கு மேல் அதில் ஒருசந்தி எதுவும் இல்லை.

1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிறைந்தவர்கள் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கு ஒருசந்திக் கடன் உண்டு. பதினாலு வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனக் கடன் உண்டு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாட்கள். நாம் இப்போது வைத்திருக்கும் வெள்ளிக்கிழமை சட்டத்தால் வந்த ஒருசந்தியல்ல. அன்று ஒருசந்தி இராதவர்களுக்குப் பாவமில்லை. மனமுவந்து இருக்கிறவர்கள் இருக்கலாம். சர்க்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுக்கிற தாய்மார், நோயாளிகள், சூளையிலும் வயலிலும் உடலை முறித்து வேலை செய்கிறவர்கள் வழக்கம்போல் உண்டு, செபத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளட்டும். பட்டினி கிடந்து கோவில் வாசலில் மயங்கி விழுவதைச் சர்வேசுரன் நம்மிடம் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் பட்டினியிருத்தல் என்றவுடனே உண்ணாவிரதப் பந்தல்தான் கண்முன் வருகிறது. எதிரே ஒரு அதிகாரி இருப்பார். கோரிக்கை ஒன்று இருக்கும். அது கிடைத்தவுடன் எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்துவைப்பார்கள். அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஏழைகளின் நியாயத்துக்காக அப்படி உட்கார்ந்தவர்கள் பலர். ஆனால் ஒருசந்தியில் நமக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாம் சர்வேசுரனை நெருக்கிப் பணியவைக்கப் போவதுமில்லை, மேற்றிராணியாரையோ பாப்பரசரையோ நோக்கிக் கொடி பிடிக்கப் போவதுமில்லை. நம்முடைய சொந்தப் பாவத்தை நினைத்து நாமே நம்மைத் தாழ்த்திக்கொள்ளும் நாள் அது. பெரியவருடைய கேள்விக்குப் பதில் இங்கேதான் ஆரம்பமாகிறது.

தனித்தனியே இருந்தால் போதாதா?

வேதாகமத்தில் தனியாள் ஒருசந்தி பல இடங்களில் உண்டு. ஆனால் ஜனம் முழுவதற்கும் ஆபத்து வந்த காலங்களில் ஜனம் முழுவதும் ஒருசந்தியிருந்தது. யோவேல் தீர்க்கதரிசியின் நாளில் வெட்டுக்கிளி வந்து நாட்டின் பச்சையெல்லாம் தின்றுபோட்டது. தீர்க்கதரிசி சீயோனில் எக்காளம் ஊதச் சொன்னார். கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிச் சேர்க்கச் சொன்னார். நேற்றுத்தான் கலியாணமான மாப்பிள்ளையும் பெண்ணும்கூட அறையை விட்டு வெளியே வரவேண்டும் என்றார். தேவாலய மண்டபத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் நின்று குருக்கள் அழவேண்டும் என்றார். வெட்டுக்கிளி யாருடைய பாவத்தினால் வந்தது என்று அங்கே யாரும் விசாரணை வைத்ததாகக் காணோம். குருக்கள் அழவேண்டிய இடம் மட்டும் குறித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம், அந்த இடம் என்னுடைய இடம் என்று எனக்குத் தோன்றும்.

நினிவே நகரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். யோனாஸ் தீர்க்கதரிசியை மீன் விழுங்கிய பகுதியைப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பின்னால் வருவதை நாம் கவனிப்பதில்லை. நகரம் அழியப் போகிறதென்று அவர் கூவிக்கொண்டு போனபோது, பெரியவர் முதல் சிறியவர் வரை ஜனங்கள்தான் முதலில் விசுவசித்து, ஒருசந்தி கூறி, கோணி உடுத்தினார்கள். அந்தச் செய்தி பிறகுதான் அரசனுக்கு எட்டியது. எட்டினவுடன் அவன் சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். அரசன் கட்டளையிட்டு ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேதம் சொல்லும் வரிசையோ வேறு. தெருவில் ஆரம்பித்தது அரண்மனைக்குப் போயிற்று. "மேலே எப்படிச் சரியாகும்?" என்று கேட்ட பெரியவர் யோனாஸ் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால், ஒருசந்தியிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், தலைக்கு எண்ணெய் பூசிக்கொள், மனிதருக்குத் தெரியவேண்டாம் என்று சேசுநாதர் சுவாமி போதித்தாரே, கோவிலில் அறிவித்து மடலில் அச்சடித்துச் செய்வது அதற்கு மாறல்லவா என்று உபதேசியார் கேட்டார். நல்ல கேள்வி. சுவாமி கண்டித்தது ஒருசந்தியைக் காட்டிப் பெயர் வாங்குவதை. ஊரில் ஒருவன் மட்டும் ஒருசந்தியிருந்தால் அவனுக்குப் பெருமை வரும் ஆபத்து உண்டு. ஊரே இருந்தால் யார் யாருக்குக் காட்டுவது? பெரிய அர்ச். சிங்கராயர், அதாவது 440 முதல் 461 வரை பாப்பரசராயிருந்த முதலாம் லியோ, உரோமை மக்களுக்குச் செய்த பிரசங்கங்களில் இதை அழகாக விளக்குகிறார். ஒருவன் தன் இஷ்டப்படி செய்யும் ஒறுத்தல் அவனுக்குப் பயன்படும். திருச்சபை முழுவதும் சேர்ந்து செய்யும் ஒறுத்தலோ யாரையும் வெளியே விடாமல் எல்லாரையும் சுத்திகரிக்கும் என்பது அவருடைய கருத்து. புதனும் வெள்ளியும் ஒருசந்தியிருந்து, சனிக்கிழமை இரவு அர்ச். இராயப்பர் கோவிலில் கண்விழிக்க வரும்படி அவர் அழைத்தார்.

அவர் அழைத்தது வருஷத்தின் நான்கு காலங்களிலும் வந்துகொண்டிருந்த ஒருசந்தி நாட்களில் ஒன்றுக்கு. அதுவும் இந்தச் செப்டம்பர் மாதத்து ஒருசந்திதான். ஆகமன காலத்திலும், தபசுகாலத்தின் முதல் வாரத்திலும், இஸ்பிரீத்துசாந்து திருநாளுக்குப் பின்னும், திருச்சிலுவைத் திருநாளுக்குப் பின்னும் புதன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்கள் இவ்விதம் அனுசரிக்கப்பட்டன. அந்தச் சனிக்கிழமைகளில் குருப்பட்டம் கொடுப்பது வழக்கமாயிற்று. நல்ல குருக்கள் வேண்டுமென்று ஜனங்கள் முதலில் பட்டினியிருந்தார்கள். பிறகு குருக்களைப் பெற்றுக்கொண்டார்கள். 1969-ல் வந்த திருவழிபாட்டு ஒழுங்கின்படி இந்த நாட்களை எப்போது, எப்படி அனுசரிப்பதென்று அந்தந்த நாட்டு மேற்றிராணிமார் தீர்மானிக்கும்படி விடப்பட்டது. நாளடைவில் பெரும்பாலான இடங்களில் அவை மறந்துபோயின. நாம் திருச்சிலுவைத் திருநாளுக்குப் பின்வரும் வெள்ளியைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் இதுவே. குருக்கள் சரியில்லை என்று பேசிக்கொள்ளும் நேரத்தில் பாதியை, நல்ல குருக்களுக்காக ஒருசந்தியிருப்பதில் நாம் செலவழித்தோமா? இதை என்னைப் பாதுகாத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்காக யாராவது பட்டினியிருந்தால் நான் இன்னும் நல்ல குருவாயிருப்பேன் என்று நம்பித்தான் சொல்லுகிறேன்.

அந்தியோக்கியா

திருச்சபையின் முதல் பெரிய திருப்பமும் ஒரு ஒருசந்தியில்தான் நடந்தது. அப்போஸ்தலர் நடபடியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அந்தியோக்கியா நகரத்துச் சபையில் இருந்த ஐந்து பேருடைய பெயர்கள் வருகின்றன. சீப்புருத் தீவில் பிறந்த லேவியராகிய பர்னபாஸ். கறுப்பன் என்று அழைக்கப்பட்ட சிமெயோன். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சீரேனே ஊரானாகிய லூசியுஸ். ஏரோது சிற்றரசனோடு கூட வளர்க்கப்பட்ட மனாயேன். முன்பு கிறீஸ்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்ட சவுல். அரண்மனையில் வளர்ந்தவனும், நிறத்தினால் பெயர் பெற்றவனும், நேற்றுவரை பகைவனாயிருந்தவனும் ஒரே இடத்தில் வழிபட்டு ஒருசந்தியிருக்கும்போது இஸ்பிரீத்துசாந்துவானவர் பேசினார்: பர்னபாசையும் சவுலையும் தனியே பிரித்து அனுப்பும்படி சொன்னார். அவர்கள் மறுபடியும் ஒருசந்தியிருந்து செபித்து, இருவர் மேலும் கைகளை வைத்து அனுப்பினார்கள். அந்தப் பிரயாணத்தில்தான் சுவிசேஷத்தின் கதவு புறவினத்தாருக்கு அகலத் திறந்தது. அந்த ஐவரில் ஒருவரும் இன்ன திட்டம் வேண்டுமென்று எழுதிக்கொண்டு வந்து உட்காரவில்லை. பசியோடு காத்திருந்தார்கள், தாங்கள் நினையாததைக் கேட்டார்கள்.

ஆதிச் சபையில் ஒருசந்திக்கும் ஏழையின் சோற்றுக்கும் பிரிக்க முடியாத தொடர்பு இருந்தது. திதாக்கே என்னும் மிகப் பழைய போதக நூல், புதனும் வெள்ளியும் ஒருசந்தியிருக்கச் சொல்லுகிறது. ஞானஸ்நானம் பெறுகிறவன் மட்டுமின்றி, கொடுக்கிறவரும், இயன்ற மற்றவர்களும் அதற்குமுன் ஒருசந்தியிருக்கவேண்டும் என்கிறது. ஒரு பிள்ளைக்கு நாம் இப்போது ஞானஸ்நானம் கொடுக்கும்போது முதல்நாளே பிரியாணிக்குச் சொல்லிவிடுகிறோம், அது இருக்கட்டும். இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்தீதேஸ் என்னும் ஞானி, கிறீஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உரோமைச் சக்கரவர்த்திக்கு எழுதியபோது ஒன்றைக் குறிப்பிட்டார். அவர்களில் ஒருவன் உணவின்றி இருந்து, மற்றவர்களிடம் மிச்சமும் இல்லாவிட்டால், இரண்டு மூன்று நாள் தாங்கள் ஒருசந்தியிருந்து, அந்த உணவை அவனுக்குக் கொடுப்பார்கள் என்பதே அது. ஹெர்மாஸ் என்பவர் எழுதிய நூலும், ஒருசந்தி நாளில் மிச்சமான செலவைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ அனாதைக்கோ ஏழைக்கோ கொடுக்கச் சொல்லுகிறது. மிச்சத்தைக் கணக்குப் பார்க்கச் சொன்னதைக் கவனியுங்கள். மனதில் இரங்கினால் போதும் என்று அவர்கள் விடவில்லை.

சங்கமும் ஒருசந்தியும்

திருச்சபையைப் புதுப்பிக்கப் பொதுச்சங்கம் கூடியபோது ஒருசந்தி அதற்கு வழி திறந்ததுண்டு. 1274-ல் லியோன் நகரில் சங்கம் ஆரம்பமாவதற்கு முன் பத்தாம் கிரகோரியார் மூன்று நாள் ஒருசந்தி ஏற்படுத்தினார். நமக்குச் சமீபமான உதாரணம் 23-ம் அருளப்பர். உழவர் குடும்பத்தில் பிறந்த அந்தப் பாப்பரசர் 1959 ஜனவரி 25-ந் தேதி சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். மூன்று வருஷங்கள் குழுக்கள் கூடின, கடிதங்கள் எழுதின, வரைவுகள் குவிந்தன. எல்லாம் தயாரான பிற்பாடு, 1962 ஜூலை 1-ந் தேதி, தபசைக் குறித்து ஒரு நிருபம் வெளியிட்டார். சங்கம் நடத்தும் மேற்றிராணிமாருக்கு மட்டுமல்ல, உலகமெங்குமுள்ள எளிய விசுவாசிகளுக்கும் அது எழுதப்பட்டது. சங்கத்துக்கு முன் இஸ்பிரீத்துசாந்துவுக்கு நவநாள் செய்யவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும், ஒறுத்தல் முயற்சிகளைக் காணிக்கையாக்கவும் கேட்டுக்கொண்டார். எண்பத்தொரு வயது நெருங்கும் அவர் தாமே அக்டோபர் 4-ந் தேதி ரயில் ஏறி லொரேத்தோ தேவமாதா கோவிலுக்கும் அசிசி நகருக்கும் யாத்திரை போய்ச் செபித்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் வயிற்றில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அக்டோபர் 11-ந் தேதி சங்கம் திறந்தது. முதல் அமர்வை மட்டும் பார்த்துவிட்டு 1963 ஜூன் 3-ந் தேதி மரித்தார். தமது நோவுகளைச் சங்கத்துக்காக அவர் ஒப்புக்கொடுத்தார்.

பூசை தமிழில் வந்ததும், வேதாகமம் நம் கையில் வந்ததும், வாசகம் வாசிக்க நம் பெண்மக்கள் பீடத்தருகே ஏறுவதும் சங்கத்துக்குப் பின் கிடைத்தவை. அந்த வருஷம் யார் யாரோ பெயர் தெரியாத ஊர்களில் பசித்திருந்ததற்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கணக்குப் போட்டுக் காட்ட என்னால் முடியாது. சர்வேசுரனுடைய கணக்கு நமக்குத் தெரியாது. திருச்சபை பரிசுத்தமானது, ஆயினும் பாவிகளைத் தன் மடியில் வைத்திருப்பதால் எப்போதும் சுத்திகரிக்கப்பட வேண்டியது என்று சங்கம் சொல்லியது. இது அந்த நாளில் பலருக்குத் திடுக்கென்றிருந்தது.

1966 பிப்ரவரியில் 6-ம் சின்னப்பர் தபசுச் சட்டங்களைத் தளர்த்தி எழுதினார். ஒருசந்தி நாட்கள் குறைந்தன. சட்டம் விட்ட இடத்தை அன்பு நிரப்பும் என்று அவர் எதிர்பார்த்தார். நாம் சட்டம் விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குருக்கள் செய்த பாவத்துக்கு மக்கள் ஏன் பட்டினியிருக்க வேண்டும்?

இதை ஒளித்து எழுதுவதில் பயனில்லை. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பகுதியைப் பெற்றோர் முதலில் வாசித்துக்கொள்ளட்டும். திருச்சபையின் சில நாடுகளில் குருக்களும் துறவிகளும் சிறு பிள்ளைகளைக் கெடுத்தார்கள் என்பதும், மேற்றிராணிமார் சிலர் அதை மூடிமறைத்தார்கள் என்பதும் நிரூபணமான உண்மை. 2010 மார்ச் 19-ந் தேதி, அர்ச். சூசையப்பர் திருநாளன்று, 16-ம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கருக்கு எழுதிய நிருபத்தில், 2011 பாஸ்குத் திருநாள் வரையில் தங்கள் வெள்ளிக்கிழமைத் தபசையெல்லாம், ஒருசந்தி, செபம், வேத வாசகம், இரக்கச் செயல்கள் எல்லாவற்றையும், அந்நாட்டுத் திருச்சபை குணமடைந்து புதுப்பிக்கப்படும்படி ஒப்புக்கொடுக்கக் கேட்டார். 2018 ஆகஸ்ட் 20-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் தேவ மக்கள் அனைவருக்கும் நிருபம் எழுதி, எல்லாரும் சேர்ந்து செபமும் ஒருசந்தியும் செய்ய அழைத்தார்.

அந்த அழைப்பைக் கேட்டு அநேகர் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பாவம் செய்தார்கள், நாங்கள் பட்டினியா என்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை அடக்கிவிட ஒருசந்தியை உபயோகிக்கக்கூடாது. ஒருசந்தி தண்டனைக்குப் பதிலாக ஆகாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததென்று தெரிந்தால், செய்தவர் யாராயிருந்தாலும், குருவாயிருந்தாலும், போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ம் வருஷத்துப் பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் கட்டாயம். "செபித்துவிட்டோம், இனி பேசவேண்டாம்" என்று யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், அந்த வார்த்தையைக் கேட்காதேயுங்கள்.

பின் ஏன் ஒருசந்தி? பிரான்சிஸ் பாப்பரசர் சொன்ன காரணம் இது: பசி நம் காதைத் திறக்கும், அமுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளின் வேதனை நமக்குக் கேட்கும். குருவைத் தெய்வமாக வைத்து, அவர் சொன்னால் சரிதான் என்று வாயடைத்திருந்த வழக்கமும் இந்தப் பாவத்துக்கு இடம் கொடுத்தது. அந்த வழக்கம் குருக்களால் மட்டும் உண்டாகவில்லை. பிள்ளை சொன்னதை நம்பாமல் அடித்த தாய்தகப்பன்மாரும், கோவிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்று மூடிவைத்த பெரியவர்களும் அதில் சேர்ந்தார்கள். ஆகையால் சேர்ந்து ஒருசந்தியிருக்கிறோம்.

இரண்டு அண்டா

அயர்லாந்தைப் பற்றிப் பேசுவது எளிது. இனி நம் சங்கதிக்கு வருகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்று ஓரிரு வருஷங்களே ஆன காலத்தில் வேறொரு ஊரில் இருந்தேன். தபசுகாலத்து வெள்ளி ஒன்றில், திருச்சபைக்காக ஊர் முழுவதும் ஒருசந்தி என்று அறிவித்தேன். எதிர்பார்த்ததற்கு மேல் ஜனங்கள் வந்தார்கள். சிலுவைப்பாதை உருக்கமாய் நடந்தது. பெண்கள் அழுதார்கள், எனக்கும் கண் கலங்கியது. முடிந்ததும் கஞ்சியை மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒரு அண்டா இருந்தது. மந்திரித்தேன். "பின்னாலும் ஒன்று இருக்கிறது சாமி" என்றார்கள். கல்லறைப் பக்கம் காலனியாருக்கென்று தனியே இன்னொரு அண்டா இருந்தது. "இங்கே வழக்கம் அப்படி" என்றார்கள். அதையும் மந்திரித்தேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. பக்தியான நேரத்தில் கலகம் வேண்டாமென்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மணி வரை ஒரே பசியாயிருந்த ஜனம், ஆறேகால் மணிக்கு இரண்டு சாதியாய்ப் பிரிந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது. இரண்டுக்கும் ஆசீர்வாதம் கொடுத்தவன் நான். பின்பு அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஆனால் அந்த ஊர் ஜனங்களிடத்தில் சொல்லுமுன் எனக்கு மாற்றலாகிவிட்டது.

ஒருசந்தியிருந்தும் சர்வேசுரன் பார்க்கவில்லையே என்று ஜனங்கள் முறையிட்டதற்கு இசையாஸ் தீர்க்கதரிசி ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் பதில் சொல்லுகிறார். நுகத்தை முறிப்பதும், பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதும், உன் சொந்த மாம்சமானவனுக்கு முகத்தை மறைக்காதிருப்பதுமே ஆண்டவர் விரும்பும் ஒருசந்தி என்பது அந்தப் பதில். மேலே சொன்ன அந்தியோக்கியாவுக்கும் இது நேர்ந்தது. ஐவர் ஒன்றாய் ஒருசந்தியிருந்த அதே ஊரில், யூதரல்லாத சகோதரரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த அர்ச். இராயப்பர், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து பந்தியை விட்டு விலகினார். பர்னபாசும் அவரோடு விலகினார். அர்ச். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் இராயப்பரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இதை வாசிக்கலாம். சேர்ந்து பசித்திருப்பதைவிடச் சேர்ந்து உண்பது அப்போஸ்தலருக்கே கடினமாயிருந்தது.

வடக்கன்குளத்துக் கோவிலுக்குள் ஜனங்களைச் சாதிவாரியாய்ப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ல் நீக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. கோவிலுக்குள் இப்போது நாம் ஒரே பாயில் உட்காருகிறோம். ஒரே அப்பத்தை உட்கொள்ளுகிறோம். நான் இந்தப் பங்குக்கு வந்து மூன்றாவது பெரிய வெள்ளி ஆயிற்று. மூன்று வருஷமும் பார்த்தேன்: கஞ்சி ஊற்றும் நேரத்தில் ஒரு தெருவார் தூக்குவாளியோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மற்றத் தெருவார் உட்கார்ந்து குடிக்கிறார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. சண்டையில்லை. தூக்குவாளி பேசிவிடுகிறது. திருச்சபை புதுப்பிக்கப்பட வேண்டுமென்று நாம் மன்றாடும்போது, நம் ஊரில் அந்தத் திருச்சபை எது என்று நான் தேடினால், எனக்கு அந்த வரிசைதான் கண்ணில் படுகிறது. உரோமையில் உள்ளதை நான் மாற்ற முடியாது. இதை மாற்ற உங்களால் முடியும்.

வெள்ளிக்கிழமை ஒழுங்கு

காலை ஐந்தரை மணிக்குப் பூசை. பகல் முழுவதும் நற்கருணை ஸ்தாபிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அன்பியமும் ஒரு மணி நேரம் ஆராதனைக்கு வரவேண்டும், பட்டியல் கோவில் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் வேலையிலேயே ஒரு மூன்றாம் பத்துச் செபமாலையைக் குருக்களுக்காகவும், தீங்குற்ற பிள்ளைகளுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். பகல் மூன்று மணி முதல் நானும் பக்கத்துப் பங்குச் சாமியாரும் பாவசங்கீர்த்தனம் கேட்போம். ஐந்து மணிக்குச் சிலுவைப்பாதை. ஆறு மணிக்குக் கஞ்சி. அதுவே அன்றைய முழு உணவு.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பிடி அரிசி புதன்கிழமைக்குள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்திருக்கும் அண்டாவில் போட்டுவிடுங்கள். எந்த வீட்டு அரிசி எதுவென்று தெரியாதபடி எல்லாம் ஒன்றாய்க் கலந்திருக்கும். அன்று வீட்டில் சமைக்காததால் மிச்சமாகும் காசை உறையிலிட்டுக் கொடுத்தால் வின்சென்ட் தே பவுல் சபையார் எண்ணிக் கணக்கு எழுதி, அடுத்த வார மடலில் வெளியிடுவார்கள். துவையலை மரியாயின் சேனையார் அரைத்து வைப்பார்கள். வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுவர வேண்டாம். சமைப்பதற்கு நான்கு தெருவிலிருந்தும் இருவர் இருவராக எட்டுப்பேர் வேண்டும். இதுவரை ஐந்து பெயர் வந்திருக்கிறது.

கஞ்சிக்கு ஒரே அண்டாதான் அடுப்பில் ஏறும். பாய் விரித்து வரிசையாய் உட்காருவோம், நானும் உட்காருவேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமே என்று இருவர் ஏற்கெனவே வந்து கேட்டுவிட்டார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு மட்டும் தூக்குவாளியில் கொடுக்கப்படும். அவர்கள் பெயரை முன்கூட்டியே உபதேசியாரிடம் எழுதிவைக்கவும்.

உங்கள் பங்குக் குருவானவர்